கேஸ் அடுப்பைக் கழற்றிப் பார்க்கலாமா?

மாணவ நண்பர்களே, இன்று காலை உங்கள் வீட்டுக் கேஸ் அடுப்பு என்ன நிறத்தில் எரிந்தது? "நீலம்" என்று பலரும் சட்டென்று சொல்லிவிடுவீர்கள். அடுப்பைப் பார்த்துச் சொல்கிறீர்களா, அல்லது பாடத்தில் படித்ததைச் சொல்கிறீர்களா? பார்க்காமல் சொன்னவர்கள் இந்த இதழைச் சற்று மூடி வைத்துவிட்டு, சமையலறைக்குப் போய் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு வாருங்கள். சுடரின் நுனி மஞ்சளாக இருக்கிறதா? பர்னரைச் சுற்றி எல்லாத் துளைகளிலும் சுடர் நிற்கிறதா, அல்லது ஒரு பக்கம் விழுந்த பல்வரிசைபோல் இடைவெளி தெரிகிறதா? பாத்திரத்தின் அடியில் கரி படிகிறதா?

கேஸ் அடுப்பைக் கவனித்துப் பராமரிக்கும் பொறுப்பை உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. மாணவிகளிடம் மட்டும் அல்ல, மாணவர்களிடமும். "நெருப்பு விஷயம், பிள்ளைகள் கிட்டேயே போகக் கூடாது" என்பவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பயம் வீண்பயம் என்று நான் சொல்லமாட்டேன். அதற்குப் பின்னால் வருகிறேன்.

முதலில் திருமழிசைக்கு வாருங்கள். பூந்தமல்லிக்கு மேற்கே, திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள பேரூர் இது. திருமழிசை ஆழ்வார் பிறந்த தலம் என்பதால் வைணவர்களுக்குத் தெரிந்த ஊர். 2020 இல் கொரோனா காலத்தில் கோயம்பேடு காய்கறிச் சந்தையைத் தற்காலிகமாக இங்கே மாற்றியதால் மற்றவர்களுக்கும் பெயர் தெரிந்தது. ஊரில் சிட்கோ தொழிற்பேட்டையும் உண்டு. இங்கே ஒரு மாணவன் வீட்டுக்கு நான் போயிருந்தபோது, அவன் தாயார் குழாயடியில் உட்கார்ந்து குக்கரின் அடிக்கரியைத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தார். மாணவன் தன் ஆய்வக ரெக்கார்டு நோட்டை என்னிடம் நீட்டினான். அதில் புன்சன் விளக்கின் படம் அழகாக வரைந்திருந்தது. காற்றுத் துளையை மூடினால் ஒளிரும் மஞ்சள் சுடர், திறந்தால் ஒளிராத நீலச் சுடர் என்று குறிப்பும் எழுதியிருந்தான்.

"அம்மா தேய்க்கிற கரிக்கும் இந்தப் படத்துக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?" என்று கேட்டேன். அவன் விழித்தான். தாயார்தான் பதில் சொன்னார்: "இப்போ வர்ற கேஸே அப்படித்தான் சார்." தந்தை தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் கடைசல் எந்திரம் ஓட்டுகிறவர். நூலிழை பிசகாமல் துளை போடும் கை. அதே வீட்டில், ஒரு துளையின் கோளாறு மாதக்கணக்காகக் கவனிப்பாரின்றிக் கிடந்தது! அந்த வீட்டாரைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. நம் பள்ளிகள் படத்தை வரையச் சொல்கின்றன. அடுப்படிக்குப் போய்ப் பார் என்று சொல்வதில்லை. குறை அங்கேதான்.

ஏனென்றால் உங்கள் வீட்டு அடுப்பு புன்சன் விளக்கேதான். 1850களில் ஜெர்மனியின் ஹைடெல்பர்க் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியராக இருந்தவர் ராபர்ட் புன்சன். அக்காலத்தில் நிலக்கரி வாயு பெரும்பாலும் விளக்குக்கே பயன்பட்டது. விளக்குக்கு மஞ்சள் சுடர்தான் வேண்டும். சுடருக்குள் எரியாமல் மிதக்கும் நுண்ணிய கரித்துகள்கள் சூடேறிப் பழுப்பதால்தான் அந்த மஞ்சள் ஒளி வருகிறது. நம் குத்துவிளக்கும் அப்படியே. புன்சனுக்கோ ஒளி வேண்டாம், வெப்பம் வேண்டும், புகை கூடாது. வாயுவை எரிப்பதற்கு முன்பே காற்றோடு கலந்துவிட்டால் என்ன என்று அவர் யோசித்தார். பல்கலைக்கழகத்தின் கருவி வினைஞர் பீட்டர் டெசாகா அதைச் செய்து கொடுத்தார். கலந்து எரித்தபோது கரித்துகள் உண்டாகவில்லை, சுடர் நீலமாயிற்று.

உங்கள் அடுப்பைக் கீழிருந்து பாருங்கள். குமிழைத் திருப்பினால் வாயு ஒரு சின்னப் பித்தளை ஜெட் வழியாகப் பீறிட்டு வருகிறது. ஜெட்டின் துளை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. எதிரே பர்னரின் குழாய் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. பாய்ந்து போகும் வாயு, அக்கம்பக்கத்துக் காற்றையும் தன்னோடு இழுத்துக்கொண்டு அந்தக் குழாய்க்குள் நுழைகிறது. விசிறி இல்லை, மோட்டார் இல்லை, வாயுவின் வேகமே காற்றை இழுத்துக்கொள்கிறது. தேவையான காற்றில் ஏறத்தாழப் பாதி இப்படி உள்ளே கலக்கிறது. மீதியைச் சுடர் வெளியே, சுற்றுப்புறத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஆகவேதான் சமையலறை சன்னல் திறந்திருக்க வேண்டும்.

எவ்வளவு காற்று வேண்டும் என்பதை நீங்களே கணக்கிடலாம். சிலிண்டரில் இருப்பது புரோப்பேன், பியூட்டேன் என்ற இரண்டு வாயுக்களின் கலவை. ஒரு லிட்டர் புரோப்பேன் முழுதாக எரிய 5 லிட்டர் பிராணவாயு வேண்டும். பியூட்டேனுக்கு ஆறரை லிட்டர். காற்றில் பிராணவாயு ஐந்தில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும். ஆகவே புரோப்பேனுக்குச் சுமார் 24 லிட்டர் காற்று, பியூட்டேனுக்கு 31 லிட்டர். ஒரு சொம்பு வாயுவுக்கு இரண்டரை டஜன் சொம்பு காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள்! இந்தக் கணக்கு சற்றுத் தவறினாலும் சுடர் உடனே நிறம் மாற்றிக் காட்டிவிடும். காற்று குறைந்தால் கார்பன் முழுதாக எரியாது. ஒரு பகுதி கரியாகிப் பாத்திரத்தில் ஒட்டும். இன்னொரு பகுதி கார்பன் மோனாக்சைடு ஆகலாம். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபின் பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பற்றோடு அதைப் பிடித்துக்கொள்ளும். மழைக்காலத்தில் சன்னலைச் சாத்திக்கொண்டு மஞ்சள் சுடரில் சமைக்கும் வீட்டில் தலைவலி வந்தால், வெங்காயத்தின் மேல் பழியைப் போடாதீர்கள்.

சரி, காற்று ஏன் குறைகிறது? பெரும்பாலும் அற்பக் காரணங்கள்தாம். பால் பொங்கி வழிகிறது, சோற்றுக் கஞ்சி வழிகிறது, சாம்பார் சிந்துகிறது. அது பர்னரின் துளைகளில் காய்ந்து இறுகிவிடுகிறது. வெளியேறும் வழி அடைபட்டால், உள்ளே இழுக்கப்படும் காற்றும் குறையும். இது பலருக்குப் புரிவதில்லை. மேலே துளை அடைத்தால் கீழே ஏன் காற்று குறைய வேண்டும் என்பார்கள். போக வழியில்லாத பேருந்துக்குள் எத்தனை பேர்தான் ஏற முடியும்? சில வீடுகளில் பர்னர் குழாய்க்குள் சிலந்தி கூடு கட்டியிருக்கும், கரப்பான் பூச்சி செத்துக் கிடக்கும். ஊருக்குப் போய்விட்டுப் பத்து நாள் கழித்து வந்து பற்றவைத்தால் சுடர் மஞ்சளாக எரிகிறதென்றால், முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

எல்லா மஞ்சளும் கோளாறு அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். உப்புத் தண்ணீர் தெறித்தால் சுடரில் ஆரஞ்சுக் கீற்று பளிச்சிட்டு மறையும். அது சோடியத்தின் நிறம். வீடு பெருக்கும்போது தூசி பட்டாலும் பொறி பொறியாகத் தெரியும். வந்து உடனே போவது தூசியோ உப்போ, நிலையாக நிற்கும் மஞ்சள் நுனிதான் காற்றுப் பஞ்சம். ரசாயனப் பாடத்தில் சுடர்ச் சோதனை செய்திருக்கிறீர்கள் அல்லவா, அதே சங்கதி. சிலிண்டர் தீரப்போகும் நாட்களில் சுடர் சற்று மாறுவதாக வீட்டுப் பெரியவர்கள் சொல்வதும் வெறும் கதை அல்ல. புரோப்பேன் மைனஸ் 42 டிகிரியில் கொதிப்பது, பியூட்டேன் ஏறத்தாழ 0 டிகிரியில். எளிதில் ஆவியாகும் புரோப்பேன் முந்திக்கொண்டு அதிகமாக வெளியேறிவிடும். கடைசியில் மிஞ்சுவதில் பியூட்டேன் பங்கு கூடுதல், அதற்குக் காற்றும் கூடுதலாக வேண்டும். அதற்காகச் சிலிண்டரைப் படுக்கவைப்பதும், அதன்மேல் வெந்நீர் ஊற்றுவதும் மகா ஆபத்து. படுக்கவைத்த சிலிண்டரிலிருந்து ஆவிக்குப் பதில் திரவமே வெளியே வரக்கூடும். ஒரு லிட்டர் திரவம் சுமார் 250 லிட்டர் வாயுவாக விரியும்.

இப்போது "கழற்றிப் பார்க்கலாமா" என்ற கேள்விக்கு வருவோம். என் பதில்: பர்னர் வரை கழற்றலாம், குமிழுக்கு அப்பால் கை வைக்கக் கூடாது. இந்த எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது என்று தெரிவதுதான் பாதுகாப்பு. ஒன்றையும் தொடாதே என்று வளர்த்த பிள்ளை, ஒருநாள் வீட்டில் தனியாக இருக்கும்போது வாயு நாற்றம் அடித்தால் என்ன செய்யும்? விளக்கு சுவிட்சைப் போட்டுப் பார்க்கும்! பெரியவர்கள் பயப்பட வேண்டியது இதற்குத்தான்.

வீட்டில் பெரியவர்களிடம் சொல்லிவிட்டு, ரெகுலேட்டரை மூடி, அடுப்பு நன்றாக ஆறிய பிறகு ஆரம்பியுங்கள். பர்னர் மூடியைத் தூக்குங்கள். பித்தளையாக இருந்தால் அம்மாவுக்குத் தெரிந்த வைத்தியமே போதும்: புளி. புளியின் அமிலம் பித்தளைமேல் படிந்த ஆக்சைடைக் கரைத்துவிடும். வெந்நீரில் ஊறவைத்துத் தேய்த்து, துளைகளைப் பழைய பல்துலக்கும் பிரஷால் சுத்தம் செய்யலாம். ஈர்க்குச்சி வேண்டாம், அது உள்ளேயே ஒடிந்து அடைத்துக்கொள்ளும். ஊக்கு, ஆணி வேண்டவே வேண்டாம். பிறகு நன்றாக உதறிக் காயவையுங்கள். ஈரம் தங்கினால் சுடர் தடுமாறி நிற்கும். மூடியைத் திரும்ப வைக்கும்போது அதன் பள்ளத்தில் சரியாக உட்கார்கிறதா என்று சுற்றிப் பாருங்கள். சாய்வாக வைத்த மூடிதான் பாதி வீடுகளில் "அடுப்பு ரிப்பேர்". ரிப்பேர்க்காரருக்குக் காசு கொடுப்பது மூடியை நேராக வைப்பதற்காகவே என்றால் பரிதாபம்தான்.

ரப்பர் டியூபைப் பாருங்கள். அதன் மேலேயே ஆண்டு அச்சிட்டிருக்கும். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வெடிப்பு தெரிந்தால் அதற்கு முன்பே. டியூபின் இரு முனைகளிலும், ரெகுலேட்டரைச் சுற்றியும் சோப்பு நுரையைத் தடவினால் கசிவு இருக்கும் இடத்தில் குமிழி கிளம்பும். தீக்குச்சி கொளுத்திக் கசிவு தேடுகிற பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. அதைவிடப் பெரிய மடமை எனக்குத் தெரியவில்லை. வாயுவுக்குத் தன் சொந்த மணம் ஏதும் இல்லை. நம்மை எச்சரிக்கவே எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைக் கலந்து அனுப்புகிறார்கள். நாற்றம் வந்தால் எந்த சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். பொறி இரண்டிலும் உண்டு. ரெகுலேட்டரை மூடிக் கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு, எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியே வாருங்கள். வெளியே வந்தபின் 1906 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள், நாடு முழுவதற்கும் எரிவாயுக் கசிவுக்கான அவசர எண் அது. சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தரையாகத் தேங்கும். உயரத்தில் இருக்கும் புகைபோக்கி சன்னலை மட்டும் நம்பிவிடாதீர்கள். தரையை ஒட்டிக் காற்றுப் போக வழி வேண்டும்.

எல்லைக்கு அப்பால் உள்ளவை குமிழின் வால்வு, ரெகுலேட்டர், ஜெட் ஆகிய மூன்றும். ரெகுலேட்டரின் வேலை சாமானியமானதல்ல. சிலிண்டருக்குள் வளிமண்டலத்தைப்போல் பல மடங்காக இருக்கும் அழுத்தத்தைக் குறைத்து, வளிமண்டலத்தைவிட ஓர் அடி உயரத் தண்ணீரின் அழுத்தம் மட்டுமே கூடுதலாக இருக்கும்படி அடுப்புக்கு அனுப்புகிறது. அதை நோண்டக் கூடாது. குமிழ் இறுகித் திரும்ப மறுத்தால், உள்ளே உள்ள கிரீஸ் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். அதற்குரிய கிரீஸ் வேறு, போடத் தெரிந்த கையும் வேறு.

ஜெட்டைப் பற்றித்தான் நான் சண்டை போட விரும்புகிறேன். சுடர் சிறுத்துவிட்டால், "ஓட்டையைக் கொஞ்சம் பெரிசு பண்ணிவிடு" என்று ரிப்பேர்க்காரரைக் கேட்பவர்கள் உண்டு. துளையின் விட்டம் பத்து சதவீதம் கூடினால் என்ன ஆகும்? வட்டத்தின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 1.1 ஐ 1.1 ஆல் பெருக்குங்கள், 1.21. வாயு 21 சதவீதம் அதிகமாகப் பாயும். காற்று நுழையும் வாயோ பழைய அளவுதான். வாயு கூடிய அளவுக்குக் காற்று கூடாது. அன்றைக்குச் சுடர் பெரிதாகத் தெரியும், வீட்டார் மகிழ்வார்கள். மஞ்சள் நுனி, கரி, சீக்கிரம் தீரும் சிலிண்டர் எல்லாம் பிறகு வரும். 14.2 கிலோ வாயு எத்தனை நாள் வருகிறது என்று சமையலறை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். நல்ல நிலையில் உள்ள அடுப்புக்கே இந்தியத் தர நிர்ணயம் கேட்பது குறைந்தது 68 சதவீத வெப்பத் திறன்தான். அதாவது கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு வெப்பம் எப்படியும் பாத்திரத்துக்குப் போகாமலே வீணாகிறது. மேலும் வீணாக்க நாம் துளை போட வேண்டுமா? அடைத்த ஜெட்டைச் சுத்தம் செய்யலாம், தேய்ந்த ஜெட்டை மாற்றலாம், குடையக் கூடாது. இந்த வாதத்தை எட்டாம் வகுப்புக் கணக்கை வைத்துக்கொண்டு நீங்களே வீட்டில் பேச முடியும். அப்பா கடைசல் வேலை செய்பவர் என்றால் அவருக்கு உடனே புரியும்.

கேஸ் அடுப்பு ஒரு காலத்தில் வசதியுள்ளவர் வீட்டுப் பொருள். தமிழ்நாடு அரசு ஏழைக் குடும்பங்களுக்கு இலவச அடுப்பும் இணைப்பும் தரத் தொடங்கியது 2007 இல். மத்திய அரசின் உஜ்வலா திட்டம் வந்தது 2016 இல். அடுப்பு வீடு வீடாக வந்துவிட்டது. அதைப் பற்றிய அறிவு கூடவே வரவில்லை. விறகடுப்பைப் பற்றி நம் பாட்டிமார் அறிந்திருந்ததில் பாதிகூட இந்த அடுப்பைப் பற்றி நாம் அறியவில்லை. ஊதாங்குழலை எப்போது எடுக்க வேண்டும், எந்த விறகு புகையும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. ஊதாங்குழல் செய்ததும் காற்றைக் கலக்கும் வேலைதானே! அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: புன்சன் விளக்குப் பாடத்தன்று, காயலான் கடையிலிருந்து ஒரு பழைய கேஸ் அடுப்பை வாங்கி வந்து மேசைமேல் கவிழ்த்து வையுங்கள். வாயு இணைப்பு எதுவும் வேண்டாம். பர்னரைக் கழற்றி ஜெட்டை மாணவர் கையில் கொடுத்தால் போதும், மீதியை அவர்களே கேட்பார்கள்.

இதை இப்போதே செய்ய வேண்டியதற்குத் திருமழிசை பக்கத்து மாணவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் திரவ இயற்கை வாயு முனையம் 2019 இல் திறக்கப்பட்டது. சென்னை, திருவள்ளூர் மாவட்டங்களில் குழாய் வழியாக இயற்கை வாயு வழங்கும் உரிமம் 2018 இல் டோரண்ட் கேஸ் நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டது. குழாயில் வருவது மீத்தேன். அது காற்றைவிட லேசானது. கசிந்தால் தரையில் தேங்காது, மேலே ஏறிக் கூரையடியில் சேரும். சன்னல் எங்கே வேண்டும் என்று மேலே சொன்ன புத்திமதி தலைகீழாகிவிடுகிறது, கவனித்தீர்களா? ஒரு லிட்டர் மீத்தேன் எரியச் சுமார் பத்து லிட்டர் காற்றே போதும். ஆனால் ஒரு லிட்டரில் கிடைக்கும் வெப்பமும் சிலிண்டர் வாயுவில் பாதிகூட இல்லை. ஆகவே அதே சமையலுக்கு அதிக வாயு பாய வேண்டும், ஜெட்டின் துளை பெரிதாக வேண்டும். குடையக் கூடாது என்று நான் அடித்துச் சொன்ன அதே துளைதான்! இங்கே மாறுவது வாயு, அதற்கேற்ற அளவில் துளையிட்ட வேறு ஜெட்டை நிறுவன ஊழியர் பொருத்துவார். குழாய் வாயுவுக்கு மாற்றிய அடுப்பை அப்படியே சிலிண்டரோடு இணைத்தால் சுடர் மஞ்சளாய் ஓங்கி எழும். உறவினர் வீட்டுக்கு அடுப்பைக் கொடுத்தனுப்பும்போது இதைச் சொல்லி அனுப்ப வேண்டும்.

உங்கள் தெருவுக்குக் குழாய் வரும் நாளில் ஊழியர் பழைய ஜெட்டைக் கழற்றும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். அதைக் கேட்டு வாங்கி, புதியதைப் பொருத்துவதற்கு முன் இரண்டையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்துவிட்டு, எது எந்த வாயுவுக்கு என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.